கனண்டைகுவா சிறைவாசலில் விழுந்த தொப்பி

இரகசியச் சடங்குகளோடு கூடும் சகோதரச் சங்கத்தவரான ஃப்ரீமேசன்களைப் பற்றி நான் முதன்முதலில் அறிந்துகொண்டது சென்னையில், எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு வங்கி அதிகாரியின் மூலமாகத்தான். மாதத்தில் ஒரு மாலை அவர் கறுப்புக் கோட்டு அணிந்து, தட்டையான தோல்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பூருக்குப் புறப்படுவார். "பெட்டிக்குள்ள என்ன மாமா?" என்று நாங்கள் கேட்டால், "ஏப்ரன்தாண்டா, வேற என்ன?" என்பார். அவர் சொன்னது முழு உண்மை என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அன்று யாரும் நம்பவில்லை. அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது, அவரைவிட மூத்த ஒருவருக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்று மாடிப்படியில் நின்று பேசிக்கொண்ட பெரியவர்கள் அந்தப் பெட்டியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அவர் அதை மறுத்ததில்லை. எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன்.

அந்த மாடிப்படிப் பேச்சு என் மனதில் வெகுநாள் தங்கிவிட்டதால், இச்சங்கத்தின்மீது மக்களுக்கு ஏற்பட்ட சந்தேகத்தின் வேரைத் தேடி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். தேடல் 1826ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்தின் மேற்கே படேவியா என்ற சிற்றூரில் போய் நின்றது. வில்லியம் மோர்கன் என்பவர் அங்கே வாழ்ந்தார். அவர் தொழிலால் உண்மையாகவே ஒரு கல் கொத்தனார். மூலைமட்டத்தையும் கவராயத்தையும் சின்னமாக வைத்துக்கொண்டு, கொத்தனார்களின் பழைய தொழிற்கூட்டத்திலிருந்து வந்ததாகத் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் சங்கத்தை உலுக்கிய மனிதர் ஒரு கொத்தனார் என்பதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

உள்ளூர் மேசன்கள் தம் கிளையில் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அந்தக் கோபத்திலும், பணத்தேவையிலும், டேவிட் மில்லர் என்ற பத்திரிகை அச்சகக்காரருடன் சேர்ந்து, சங்கத்தின் சடங்குகளையும் சத்தியப் பிரமாணங்களையும் நூலாக அச்சிடப்போவதாக மோர்கன் அறிவித்தார். அதன்பின் நடந்தவை அடுத்தடுத்து நிகழ்ந்தன. அச்சகத்திற்குத் தீ வைக்கும் முயற்சி நடந்தது. செப்டம்பர் 11ஆம் தேதி, இரவல் வாங்கிய ஒரு சட்டையையும் கழுத்துப்பட்டையையும் திருப்பித் தரவில்லை என்ற திருட்டுப் புகாரில் மோர்கன் கைதாகி, சுமார் 50 மைல் தொலைவிலுள்ள கனண்டைகுவா ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த வழக்கு நிற்கவில்லை. விடுவித்த கையோடு, மூன்று டாலருக்கும் குறைவான ஒரு கடனுக்காக மறுபடியும் சிறையில் அடைத்தார்கள்.

மறுநாள் இரவு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறைக்காவலர் வெளியே சென்றிருந்தார். வீட்டில் இருந்தவர் அவருடைய மனைவி. சிலர் வந்து, மோர்கனின் கடனைத் தாங்களே கட்டிவிடுவதாகச் சொல்லி அவரை விடுவிக்கும்படி கேட்டார்கள். அந்தப் பெண்மணி தயங்கினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். மோர்கன் வெளியே காலெடுத்து வைத்த சிறிது நேரத்தில் "கொலை!" என்று கூவும் குரல் கேட்டது, அவர் திமிறுவதையும், தலையிலிருந்த தொப்பி தரையில் விழுவதையும், அவரை ஒரு வண்டிக்குள் திணித்து ஓட்டிச் செல்வதையும் அந்தப் பெண்மணி கண்டார். வண்டி ஊர் ஊராக, குதிரை மாற்றி மாற்றி, படை விலக்கிக்கொள்ளப்பட்டிருந்த நயாகரா கோட்டையை அடைந்தது. அங்கே வெடிமருந்து வைக்கும் ஒரு பழைய அறையில் மோர்கனைச் சில நாட்கள் அடைத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்ததாக உறுதியான சாட்சியம் எதுவும் கிடைக்கவில்லை.

இதுவரை இது ஒரு குற்றச் செயல். ஒரு குற்றத்திலிருந்து நாடு தழுவிய வெறுப்பு எப்படிப் பிறந்தது என்பதற்கு விடை, அதன்பின் வந்த ஐந்தாறு ஆண்டுகளின் நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது. அந்நாளில் நியூயார்க்கில் ஜூரியாக அமர வேண்டியவர்களை அழைத்து வரும் பொறுப்பு மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபினுடையது. நயாகரா மாவட்டத்தின் ஷெரிஃப் எலை புரூஸ் தாமே ஒரு மேசன். மோர்கனைக் கொண்டுசெல்வதில் தாமே பங்கெடுத்தவர். அப்படிப்பட்டவர் அழைத்த ஜூரியிடமிருந்து மக்கள் எதை எதிர்பார்த்திருக்க முடியும்? வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி விசாரணைகள் இருபதுக்கும் குறையாமல் நடந்தன. சாட்சிகள் ஊரைவிட்டு மறைந்தார்கள், அல்லது வாய் திறக்க மறுத்தார்கள். ஆள்கடத்தல் அப்போது அம்மாநிலத்தில் கடுங்குற்றமாகவே கருதப்படாததால், 1827 ஜனவரியில் தண்டிக்கப்பட்ட நால்வரில் மிகக் கூடுதலாகப் பெற்றவருக்கே இரண்டு ஆண்டு சிறைதான். புரூஸைப் பதவியிலிருந்து நீக்கிய ஆளுநர் டிவிட் கிளின்டனும் மேசனே. மாநில மேசன்களின் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். மோர்கனைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்தவரும் அவரே. தம் கடமையை அவர் செய்தார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவர் செய்ததையும் மக்கள் நம்பாத நிலை அதற்குள் வந்துவிட்டது.

இதற்கிடையே, 1826ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே மில்லர் அந்த நூலை வெளியிட்டுவிட்டார். கைகுலுக்கும் முறை, அடையாளச் சொற்கள், கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவரும் சடங்கு எல்லாம் அச்சில் வந்தன. உள்ளபடி பார்த்தால் இவற்றில் பெரும்பகுதி லண்டனில் 1730ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. மக்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று: இரகசியத்தை வெளியிட்டால் தொண்டை அறுபடவும், நாக்கு பிடுங்கப்படவும், கடல் மட்டம் தாழும் இடத்து மணலில் உடல் புதைக்கப்படவும் சம்மதிக்கிறேன் என்ற பழைய பிரமாண வாசகம். இது வெறும் சடங்கு மொழி, நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்டதன்று என்று மேசன்கள் எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தவர்களின் கண்முன்னே அந்தக் கோட்டையை ஒட்டி ஓடும் நயாகரா ஆறும் காணாமற்போன ஒரு மனிதரும் நின்றார்கள். இங்கிலாந்தின் தலைமைச் சங்கம் இந்த உடல்தண்டனை வாசகங்களைப் பிரமாணத்திலிருந்து 1986இல்தான் நீக்கியது. அதை ஒரு நூற்றாண்டு முன்பே செய்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேசன்களின் சடங்கு இரகசியமாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நாலு பேர் கூடி, ஏப்ரன் கட்டிக்கொண்டு, ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நேர்மைக்கு உவமையாகச் சொல்லி ஒருவருக்கொருவர் உபதேசித்துக்கொள்வது அவர்கள் உரிமை. படேவியாவில் மக்கள் பொறுக்கமாட்டாமற் போனது அந்தச் சடங்கையன்று. ஷெரிஃப், ஜூரி, நீதிபதி என்று ஊருக்குப் பொதுவாகச் சத்தியம் செய்தவர்கள், தமக்குள் செய்துகொண்ட இன்னொரு சத்தியத்திற்கு முதலிடம் தந்துவிட்டார்களோ என்ற ஐயத்தைத்தான். அந்த ஐயத்தைத் தீர்க்க, யார் யார் உறுப்பினர் என்ற பட்டியல் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

பட்டியல் வரவில்லை, அரசியல் கட்சி வந்தது. இரு பெரிய கட்சிகளுக்கு வெளியே எழுந்த அமெரிக்காவின் முதல் 'மூன்றாவது கட்சி' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் மேசன் எதிர்ப்புக் கட்சி 1831 செப்டம்பரில் பால்டிமோரில் மாநாடு கூட்டி, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வில்லியம் வர்ட்டை நிறுத்தியது. அவரும் ஒரு காலத்தில் மேசனாக இருந்தவர். 1832 தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தின் 7 தேர்வாளர் வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. மோர்கனின் பெயரையே கேட்டிராத ஊர்களிலும் மேசன்கள் சங்கக் கூட்டங்களை நிறுத்திக்கொண்டார்கள். கிளைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. கடத்தலில் பங்கெடுத்தவர்கள் ஒரு சிலர்தான். பழியைச் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

இந்த ஐயம் அரசாங்கத்தின் கைக்குப் போனால் என்னவாகும் என்பதற்கு ஸ்பெயின் சான்று. அந்நாட்டுச் சர்வாதிகாரி ஃபிராங்கோ 1940 மார்ச் 1ஆம் தேதி கொண்டுவந்த சட்டம் மேசனாக இருப்பதையே குற்றமாக்கியது. அதே வேளையில், ஐயம் எப்போதுமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது: 1981 மார்ச்சில் இத்தாலியக் காவல்துறை லிச்சோ ஜெல்லி என்பவரின் இடங்களைச் சோதனையிட்டபோது, அவர் தலைமையில் இருந்த பி2 என்ற மறைமுக மேசன் கிளையின் 962 பெயர்கள் கொண்ட பட்டியல் சிக்கியது. அமைச்சர்கள், படைத்தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் அதில் இருந்தார்கள். பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. பிரிட்டனில் புதிதாக நியமிக்கப்படும் நீதிபதிகள் தாம் மேசனா என்று தெரிவிக்க வேண்டும் என்ற விதி 1998இல் வந்து 2009இல் கைவிடப்பட்டது. கைவிட்டது பிழை என்பது என் கருத்து. தெரிவித்துவிட்ட மேசனைப் பற்றி மாடிப்படியில் பேச ஒன்றும் மிஞ்சாது; தெரிவிக்காதவருக்காகத்தான் கதைகள் காத்திருக்கின்றன.

வட இந்தியாவில் பிரிட்டிஷார் காலத்தில் மேசன்களின் கூடத்தை மக்கள் 'ஜாதூ கர்', அதாவது மந்திரவீடு, என்றே அழைத்தார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று காவல்துறைத் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடமும் 1839இல் மேசன்கள் தங்கள் கூடமாகக் கட்டியதுதான். அதன் முன்னால் தினமும் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மோர்கனுக்குத் திரும்புகிறேன். 1827 அக்டோபரில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. அது தன் கணவருடையதுதான் என்று மோர்கனின் மனைவி லுசிண்டா அடையாளம் காட்டினார். ஊரே திரண்டு அடக்கம் செய்தது. பிறகு கனடாவிலிருந்து இன்னொரு பெண் வந்து, உடலில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக விவரித்து, அது நீரில் மூழ்கிப்போன தன் கணவர் டிமதி மன்றோவின் உடல் என்று நிறுவினார். மோர்கன் கொல்லப்பட்டதாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. ஆயினும் 1882இல் படேவியாவின் இடுகாட்டில், மேசன்களை எதிர்த்தவர்கள் பணம் திரட்டி ஒரு தூணை நிறுத்தி, தங்கள் சங்கத்தின் இரகசியத்தை வெளியிட்டதற்காக மேசன்கள் அவரைக் கடத்திக் கொலை செய்தார்கள் என்று அதில் பொறித்து வைத்தார்கள். அந்தத் தூணுக்கு அடியில் எந்த உடலும் இல்லை.