ஒரே பையன்தான், பொய்யில்லை

சொந்த வீடு என்று பேச்செடுத்ததும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மனைவிக்குச் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஃபிளாட். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். அம்மாவுக்குக் கண்ணங்குறிச்சி. மூக்கனேரிக் காற்று, கோலம் போட வாசல், நிமிர்ந்தால் சேர்வராயன் மலை. நடுவில் நான்.

ஃபிளாட் கதை சீக்கிரம் முடிந்தது. 1,080 சதுரடி என்றார்கள். டேப் பிடித்து அளந்தால் சுவருக்குள்ளே 790. மீதி லிஃப்டும் மாடிப்படியும். யுடிஎஸ், அதாவது மொத்த நிலத்தில் நம் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்றால், “அதெல்லாம் பத்திரத்துல வரும் சார்.” நகலைப் பிடுங்கிப் பார்த்தால் நம் பங்கு நிலம் 340 சதுரடிதான். அதைக்கூடப் பொறுத்திருப்போம். பணி நிறைவுச் சான்றே இன்னும் வரவில்லை, லிஃப்ட் முதற்கொண்டு தற்காலிகக் கரண்டில் ஓடுகிறது என்று வாட்ச்மேன் உளறிவிட, “கண்ணங்குறிச்சியே பார்க்கலாங்க” என்றாள் மனைவி.

பட்டது அங்கேதான்.

மூன்று சென்டில் தனி வீடு, 46 லட்சம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். “நான் ஒரே பையன் சார், பிரச்சினையே வராது.” 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அப்பா வாங்கிய பதிவு ஒன்றுதான், அடமானம்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புரோக்கர் அண்ணன் அவசரப்படுத்த, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ரொக்கமாக, ஒரு துண்டுச் சீட்டுக்கு. சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்று ஆடிட்டர் நண்பன் பிற்பாடு திட்டினான். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த ஞாயிறு அம்மாவை வீடு காட்டக் கூட்டிப்போனேன். நான் மோட்டாரைப் போட்டுப் பார்த்த பத்து நிமிஷத்தில் அம்மா பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, கதையும் கேட்டு முடித்திருந்தார். “ஏன் கண்ணு, இந்தப் பையனுக்கு ஒரு அக்கா இருக்குதாமே, ஏற்காட்டுல கட்டிக் குடுத்திருக்காங்களாம். அது கையெழுத்துப் போடுதா?”

ஒரே பையன்தான். ஒரே பிள்ளை என்று அவர் சொல்லவில்லையே.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். ஆள் இறந்தபின் யார் யாருக்குப் பங்கு என்பது வராது. உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால், அவர் சம்பாதித்த சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. “அக்காவுக்கு 30 பவுன் போட்டாச்சு சார்” என்றார் மகன். அந்தக் கணக்கெல்லாம் சட்டத்தில் கிடையாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் பத்து ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன், செலவாகிவிட்டதாம்.

வேறு வழியில்லாமல் நானும் அம்மாவும் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். அந்த அக்கா காபி கொடுத்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “என் பங்கு என் அக்கவுண்டுக்கு நேரா வரட்டும்.” நியாயம்தானே. தம்பி இறங்கிவர இரண்டு மாதம் பிடித்தது. வங்கிக் கடன் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 4,14,000 ரூபாய். இதையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பதிவு நாளில் காலமானவரின் மனைவி, மகன், மகள் மூவரும் வந்தாயிற்று. பத்திரத்தைப் புரட்டிய கிளார்க் அப்படியே தள்ளிவிட்டார். பத்திரத்தில் அக்கா பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். “ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” சரி, என்ன செய்யணும் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். பத்திர எழுத்தர் ஒரே வார்த்தையில் சரிசெய்தார்: ‘என்கிற’. இரண்டு பெயருக்கும் நடுவில் அதைப் போட்டால் போதுமாம். முதலிலேயே போட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு நாள், புது டோக்கன், அந்த அக்காவுக்கு இன்னொரு முறை மலையிறங்கும் பஸ்.

மறுமுறை கைரேகை. எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல். கருவி மூன்று தடவை ஏற்கவில்லை. கிளார்க் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அந்த அக்கா முந்தானையில் கட்டைவிரலை அழுத்தித் துடைத்து நாலாவது தடவை வைத்தார். ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் அந்த அக்கா என் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கொல்லையில இருக்கிற ஆட்டுக்கல்லை நான் எடுத்துக்கட்டுங்களா?” தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டுக்கல் போன வாரம் மலையேறிவிட்டது. பட்டாதான் இன்னும் என் பெயருக்கு வரவில்லை.