ஆமை புகுந்த விர்ச்சுவல் பாக்ஸ்: மண்டபத்தில் ஒரு லினக்ஸ் ஒத்திகை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மச்சான் கணக்கெழுதும் ஐஸ் கம்பெனியில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் கிடையாது. "நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் புதுசு?" என்கிறார் மச்சான். சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று முடிவு. கணக்குக் கணினியில் நேரடியாகக் கை வைக்க முடியாது என்பதால், முதலில் என் லேப்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) மிண்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவிப் பார்த்தேன்.

அந்த மெய்நிகர் கணினி, அதாவது மெஷின், ஸ்டார்ட் ஆகவே மறுத்தது. பிராசஸரின் மெய்நிகர் வசதியான விடி-எக்ஸ், பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பு) அணைந்திருக்கிறது என்று செய்தி. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் போனால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி டிசேபிள்ட் என்று காட்டும். பயாஸில் போய் அதை இயக்கினால் வேலை முடிந்தது.

அப்புறம்தான் ஆமை வந்தது. மிண்ட் லோகோ வரை வரும், அங்கேயே உட்கார்ந்துவிடும். எப்போதாவது டெஸ்க்டாப் வந்தாலும் மவுஸ் நகர்வதற்குள் டீ ஆறிவிடும். விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலின் கீழே வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தது. அழகுக்கு வைத்த படம் இல்லை அது. விண்டோஸிலேயே உள்ள மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கனவே பிராசஸரின் மெய்நிகர் வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று எங்கள் அப்பத்தா சொல்லும். மன்னார் வளைகுடா ஆமைகள் பாவம், அவை யார் குடியையும் கெடுத்ததில்லை. இந்தப் பச்சை ஆமைக்கு மட்டும் அது பொருந்தும்.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டிலும் டிக்கை எடுத்தேன். ஆமை போகவில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஹைப்பர்-வியின் அடித்தளமான ஹைப்பர்வைசரை எழுப்பும். அதையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தபோதுதான் ஆமை போய் சாதாரண ஐகான் வந்தது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-ஐப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டும், இப்படிச் செய்தால் அது ஓடாது. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு வசதி என்பதால், சோதனை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவது நல்லது.

இப்போது வேகம் இருந்தது, ஆனால் நிறுவல் பாதியில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' பிழை. மிண்டை நிறுவ இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இங்கே டவர் சிக்னல் வந்து வந்து போகும், இரவில் போட்ட டவுன்லோட் நடுவில் அறுந்திருக்கிறது. விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 எண்ணை எடுத்து மிண்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். டோரன்ட்டில் மறுபடி இறக்கினேன். அது துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டே இறக்கும். இதுவரை வந்த எந்தப் பிழைக்கும் மிண்ட் காரணமில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே தெரிகிற பிழைக்கு வெளியே தேடுவதுதான் என் முதல் வேலையாகிவிட்டது.

அடுத்த முறை கோப்புகள் பிரதியாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. திரும்ப வந்து பார்த்தால் மெஷின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்ஆக்சஸிபிள்'. அமைப்புகளைச் சேமிக்கும் விபாக்ஸ் கோப்பு காலியாகக் கிடந்தது. ஆனால் அதே ஃபோல்டரில் பெயரின் கடைசியில் 'ப்ரீவ்' என்று முடியும் முந்தைய நகல் ஒன்றை விர்ச்சுவல் பாக்ஸ் தானாக வைத்திருந்தது. காலிக் கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, நகலுக்கு அதன் பெயரை வைத்தேன். மெஷின் உயிர்பெற்றது. உள்ளே பாதியில் நின்ற நிறுவலை மட்டும் நம்பவில்லை. மெஷினின் மெய்நிகர் வட்டை அழித்துப் புதிதாகத் தொடங்கினேன்.

சின்னத் தொல்லை இன்னொன்று: நிறுவல் ஜன்னலின் 'கன்டினியூ' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்திருந்தது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே இழுத்தால் தெரியும்.

இப்போது மிண்ட் ஓடுகிறது, தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்கிறது. மெஷினின் இந்த நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்தது பில் பிரிண்டர். அது சரியாகிவிட்டால் ஏப்ரல் 15-க்குப் பிறகு ஐஸ் கம்பெனிக் கணினியில் போடலாம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் ஆள் வராது.