தக்காளிக்கு மருந்தடிக்கும் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்து உறவுகளுக்கு

இலைக்கருகலுக்கு அடிக்கிற மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி தோல் அரிப்போடு முடிவதில்லை. அது சிதைந்து எத்திலீன் தயோயூரியா (ஈ.டி.யு) ஆகும்; சமையல் சூட்டிலும் உருவாகும். தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதியை ஈ.டி.யு முடக்கும். ஹார்மோன் குறைந்தால், செல்லுக்குள் அதற்காகக் காத்திருக்கும் ஏற்பி (ஹார்மோன் வந்து உட்காரும் இடம்) சும்மா கிடக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அதனால் கர்ப்பிணிகளை மருந்து கலக்கவோ, அடித்த வயலில் பழம் பறிக்கவோ தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

எல்லா ரசாயனமும் இப்படி வேலை செய்வதில்லை. பழைய பூச்சிக்கொல்லி டி.டி.டி. உடைந்து உண்டாகும் டி.டி.இ., ஆண் ஹார்மோன் ஏற்பியில் தானே போய் உட்கார்ந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோனுக்கு இடம் விடாது. கொழுப்பில் பல வருடம் தங்கும். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால் ஏ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியைத் தூண்டும். ஆனால் பெரும்பகுதி ஒரு நாளில் சிறுநீரில் போய்விடும்.

மேங்கோசெப் பெரும்பாலும் பழத்தோலின் மேலேயே நிற்கும். பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு சமையுங்கள். கழுவாமல் கொதிக்க வைப்பதுதான் தப்பு. மருந்தடித்த பிறகு லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் பறிக்காதீர்கள், மண்டியில் விலை ஏறினாலும்.

திரவ மருந்து டப்பா காலியானால் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் குலுக்கி, ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை. பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அதில் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது, மாட்டுக்குக்கூட.