அந்தப் பாட்டில் பேச்சாக வரும் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு ரிசப்ஷன் கச்சேரி. பெண்ணின் ஆபீஸ் தோழிகள் மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள்: ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. கீபோர்டு தம்பி என்னைப் பார்த்து, “விட்னிதானேக்கா? ஆறு கட்டை சுருதி வச்சுக்கட்டுமா?” என்றான். “இல்லப்பா, டாலி” என்றேன். அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் டாலி பார்ட்டன். அவனுக்குப் புரியவில்லை. மேடையில் நின்றுகொண்டு விளக்க நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் முதலில் விட்னி ஹூஸ்டனைத்தான் கேட்டேன். 1993-இல் அண்ணன் பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த கேசட். அயனாவரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டேப் ரிக்கார்டரை வைத்து அந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவேன். தொடக்கத்தில் முக்கால் நிமிடத்துக்கு வாத்தியமே கிடையாது. சுருதிப்பெட்டிகூட இல்லாமல் விருத்தம் பாடுவது போல அந்தக் குரல் தனியாக வரும். அப்படித் தொடங்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர், பாட்டு இடம்பெற்ற ‘தி பாடிகார்ட்’ படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர். பிறகு மெல்ல இசை சேரும், கிர்க் வேலமின் சாக்ஸபோன் வரும். அப்புறம் ஒரு மௌனம், ஒரே ஒரு டிரம் அடி. அங்கே ஆறு கட்டை ஏழு கட்டையாக ஏறிவிடும். அந்த இடத்தைப் பிடிக்க எத்தனை சாயங்காலம் தொண்டை கட்டியிருக்கிறது எனக்கு! அமெரிக்காவில் அந்தப் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவரோடு வேலை செய்த ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பம் பெரம்பூரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அந்த வீட்டு ரிக்கார்டு பிளேயரில் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடத் தொடங்கிவிடுவார். ஒருநாள் நான் ஹாலில் உட்கார்ந்து விட்னி பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஆன்ட்டி கை துடைத்துக்கொண்டே வந்தார். “அது டாலி பாட்டும்மா. உக்காரு” என்று ஒரு எல்.பி. ரிக்கார்டை எடுத்துப் போட்டார்.

மூன்று நிமிடம்கூட இல்லை. கத்தல் இல்லை, ஏற்றம் இல்லை. சின்னக் குரல், கிட்டத்தட்ட காதோடு சொல்வது மாதிரி. கடைசிச் சரணம் வந்ததும் டாலி பார்ட்டன் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். எதிரில் நிற்பவரைப் பார்த்து, உனக்கு வாழ்க்கை நல்லபடியாக அமையட்டும் என்று. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையில் அது வேலையை விட்டுப் போகிற ஒருத்தியின் பாட்டு. 1967-இல் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனர் தன் டி.வி. நிகழ்ச்சியில் டாலியைச் சேர்த்துக்கொண்டார், வளர்த்துவிட்டார். சில வருடங்களில் டாலிக்குத் தனியாகப் பாட வேண்டும் என்றிருந்தது. போர்ட்டர் விடவில்லை. வாதாடிப் பயனில்லை என்று 1973-இல் இதை எழுதி, மறுநாள் அவர் முன்னால் உட்கார்ந்து பாடினார். போர்ட்டர் அழுதுவிட்டாராம். 1974-இல் வெளியாகி அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம். பிறகு எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் பாட்டின் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி ராத்திரி முழுக்க அழுதார், ஆனால் கொடுக்கவில்லை. இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. போர்ட்டர் 1979-இல் அவர்மேல் வழக்குப் போட்டார். அப்படியிருந்தும் 2007-இல் போர்ட்டரின் கடைசி நாளில் டாலி போய்ப் பார்த்தார். பாட்டில் சொன்ன வாழ்த்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

இடையில் லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகி 1975-இல் இதைப் பாடினார். அதில் அந்தக் கடைசிச் சரணம் கிடையாது. விட்னியின் பதிவைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர் அந்தப் பதிவைத்தான் முன்னால் வைத்திருந்தார். இன்னொரு சரணம் இருக்கிறது என்று டாலிதான் போனில் சொல்லிக்கொடுத்தார். விட்னியின் பதிவில் டிரம் அடிக்கு முன்னால் அடங்கி ஒலிப்பது அந்தச் சரணம்தான். அது இல்லாமல் அந்த அடி விழுந்திருந்தால் வெறும் சத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஒருமுறை டாலி பாடியதைப் போட்டுக் காட்டி அர்த்தம் சொன்னேன். “இது நம்ம ‘எங்கிருந்தாலும் வாழ்க’ இல்லையா?” என்றாள். இங்கிலீஷ் தெரியாத அம்மா, ஒரே நொடியில்.

1996-இல் ஆன்ட்டி குடும்பம் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோனது. கிளம்புகிற அன்று வாசலில் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வரேம்மா, நல்லா பாடு” என்றார். திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விட்னி குரலில் எனக்குக் கேட்காதது ஒன்று டாலி குரலில் கேட்டது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விட்னி அந்தத் துக்கத்தை மண்டபம் முழுக்க நிறைக்கிறார், அந்த வல்லமைக்கு நான் கும்பிடுகிறேன். டாலி பாடும்போது வாசற்படியில் இரண்டே பேர் நிற்கிறார்கள்.

கொளத்தூரில் கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு கிட்டார் மட்டும் கேட்டேன். ஐந்து கட்டை. கடைசிச் சரணத்தைப் பாடாமல், பெண்ணைப் பார்த்துப் பேசினேன். அவள் பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். பெண் மாலையை ஒரு கையால் விலக்கிவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கிட்டார் தம்பி கடைசியாக ஒருமுறை மீட்டிவிட்டு கம்பியின்மேல் கை வைக்கவே இல்லை, அது தானாக அடங்கும்வரை விட்டுவிட்டான்.