கயிறு, மோதிரம், அப்புறம்தான் ஊசி

ஆடிப்பெருக்கு அன்று படித்துறைப் பாசியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரி.

"முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போக வச்சிடலாம்" என்றார் மயக்க டாக்டரம்மா. ரத்தம் நீர்க்க மாத்திரை உண்டா, பல் பிடுங்கும்போது போட்ட ஊசி ஒத்துக்கொண்டதா என்று துருவித் துருவிக் கேட்டார். ராத்திரி 10 மணிக்கு மேல் சோறு கூடாது. கை மரக்க வயிறு ஏன் காயணும்? ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கம்தானாம். அப்போது சாப்பிட்டது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

காலையில் மோதிரம்தான் பெரிய வேலை. விரல் வெண்டைக்காயாய் வீங்கியிருந்தது. "வெட்டிடலாமா அண்ணே?" என்றார் நர்ஸ். கல்யாண மோதிரம். நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்ச நூலை விரல் முட்டி வரை நெருக்கிச் சுற்றி, சோப்பு தடவி, அடி நுனியைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் மரை ஏறுவதுபோல் மேலே வந்தது. உயிரும் கூடவே வந்தது, அது வேறு.

அடுத்து மஞ்சள் கயிறு. "காவேரிக்குப் படைச்சுக் கட்டினது, கத்தரி வைக்காதேம்மா" என்று அத்தை தானே முடிச்சவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

தியேட்டரில் இடது கையில் டிரிப், பிரஷர் பட்டை, விரலில் கிளிப். எந்தக் கை என்று மூன்று பேர் கேட்டார்கள். கட்டு போட்ட கையைப் பார்த்துக்கொண்டே! தலையை இடப்பக்கம் திருப்பி, கழுத்தடியில் காறை எலும்புக்கு மேல் சில்லென்று அயோடின். ஸ்கேன் திரையைக் காட்டினார் டாக்டரம்மா: துடிக்கும் கறுப்பு வட்டம் ரத்தக்குழாய், பக்கத்தில் திராட்சைக் கொத்தாகத் தெரிவது கைக்குப் போகும் நரம்பு, ஊசி அங்கேதான். "ஷாக் அடிச்சாப்ல இருந்தா அசையாம வாயால சொல்லுங்க. நாக்கு மரத்தாலும், காது இரைஞ்சாலும் சொல்லணும்."

எறும்புக்கடி மாதிரி ஒன்று, பிறகு அழுத்தம். கை கதகதத்தது. 20 நிமிடத்தில் வெட்டிப்போட்ட வாழைத்தண்டாகிவிட்டது. ஊசி முனையால் தொட்டால் தொடுவது தெரிகிறது, குத்துவது தெரியவில்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் "இன்னும் மரக்கலை" என்று நான் கூச்சல் போட்டிருக்க மாட்டேன்.

கை தொடையோரம் கிடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். திரை கட்டுமுன் தலையைத் திருப்பினால், பக்கத்துப் பலகையில் யாருடைய கையோ நீட்டிக்கிடக்கிறது. நடுவிரலில் மோதிரத் தடம்.