1,162 பேர் பட்டியலும் ஒரு ப்ரவுசிங் சென்டர் மின்னஞ்சலும்

பொங்கலுக்கு முந்தைய வாரம் தபால்காரர் ஒரு கட்டு உறையைத் திருப்பிக் கொண்டுவந்து சங்க அலுவலக மேசையில் வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 64. எல்லாம் நாங்கள் அனுப்பிய மாத இதழ்தான். 'விலாசதாரர் இல்லை', 'வீடு மாறிவிட்டார்', இரண்டில் 'காலமானார்'. ஒன்றின் மேல் கோழிக்கோடு முத்திரை. நாமக்கல்லில் இருக்கும் உறுப்பினருக்கு அனுப்பிய இதழ் கோழிக்கோட்டுக்கு ஏன் போனது? நாமக்கல் தலைமை அஞ்சலகம் 637001. எங்கள் பட்டியலில் 673001 என்று இருந்தது. அது கோழிக்கோடு. தபால் பிரிப்பவர்கள் பின்கோடைத்தான் பார்ப்பார்கள். நாமக்கல் என்று தமிழில் எழுதியிருந்ததை அங்கே யார் படிப்பது? இரண்டு எண் இடம் மாறியதில் மனிதருக்கு எத்தனை மாதமாக இதழ் போகவில்லையோ.

எங்களுடையது சேலத்தில் இருக்கும் ஓய்வூதியர் சங்கம். ஜூனில் பொதுக்குழு, கூடவே நிர்வாகிகள் தேர்தல். போன தடவையே ஒருவர் எழுந்து, "எனக்கு நோட்டீஸே வரல. மாவட்டப் பதிவாளருக்கு மனு போடுவேன்" என்று சத்தம் போட்டிருந்தார். 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம். உறுப்பினர் பதிவேடு ஒழுங்காக இருந்தாக வேண்டும். செயற்குழுவில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே சார்." எனக்குத் தெரிந்தது எக்செல்லில் கூட்டல் போடுவது. அதைச் சொல்வதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பட்டியல் ஒன்று இருந்திருந்தால் பரவாயில்லை, மூன்று இருந்தன. பொருளாளரிடம் சந்தா நோட்டு. செயலாளரின் லேப்டாப்பில் தொலைபேசி எண்களோடு ஒரு எக்செல். இதழ் அனுப்ப டிடிபி கடையில் வைத்திருந்த விலாசக் கோப்பு. மூன்றிலும் எண்ணிக்கை வேறு வேறு.

மென்பொருள் தேடியதையெல்லாம் விரித்து எழுதப் போவதில்லை. சிவிசிஆர்எம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர் அமைப்புகளுக்கென்றே எழுதப்பட்டது, கட்டற்ற மென்பொருள், இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்ஸோடு சேர்ந்து ஓடும். ஒரு உறுப்பினரின் மகள் இரண்டு மாலையில் நிறுவிக் கொடுத்துவிட்டாள். அதோடு சுலபமான வேலை முடிந்தது.

முதல் முட்டுக்கட்டை டிடிபி கடைக் கோப்பு. திறந்தால் எங்கும் ஆங்கில எழுத்துக் குப்பை. முருகேசன் என்ற பெயர் கே, யு, என், எஃப், ஆர், டி, அரைப்புள்ளி என்று நின்றது. பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழ். மற்ற இடத்தில் வெறும் ஆங்கில எழுத்து. டேட்டாபேஸில் இதை அப்படியே ஏற்றினால் 'முருகேசன்' என்று தேடி ஆயுசுக்கும் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஒரு விலாசத்தில் 'ளுடீஐ காலனி' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'டீயமெ'. அரைமணி நேரம் விழித்த பிறகுதான் புரிந்தது. டிடிபி பையன் விலாசத்துக்கு நடுவே எஸ்பிஐ, பேங்க் என்பதையெல்லாம் ஆங்கிலத்திலேயே அடித்திருக்கிறான். கன்வெர்ட்டர் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது. ஆங்கிலம் கலந்த வரிகளை முதலில் பிரித்து எடுத்துவிட்டு மாற்றுங்கள். நான் மாற்றிவிட்டுத் தேடியதில் நான்கு நாள் போனது.

அடுத்தது பொருளாளர். நல்ல மனிதர், கணக்கில் ஒரு பைசா பிசகாது. ஆனால் நோட்டைக் கையை விட்டு இறக்க மாட்டார். "நோட்ட வெளிய குடுக்க முடியாதுங்க சார். இங்கயே உக்காந்து பாத்து எழுதிக்கங்க." அவர் வீட்டுத் திண்ணையில் ஆறு நாள் உட்கார்ந்தேன். போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கும் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மூன்று பட்டியலில் உறுப்பினர் எண் இருந்தது அந்த நோட்டில் மட்டும்தான். அந்த எண்ணின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் 0047 என்று எழுதியதை எக்செல்லில் அடித்ததும் அது முன்னால் இருந்த பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 47 என்று காட்டியது. சரி, 47-ம் 0047-ம் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். தொலைபேசி எண்ணில் வாங்கிய அடி இன்னும் பெரியது. செயலாளர் சில எண்களுக்கு முன்னால் 91 சேர்த்து வைத்திருந்தார். பன்னிரண்டு இலக்கம் ஆனதும் எக்செல் அதை 9.19 என்று தொடங்கிப் பத்தின் அடுக்காகக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி ஆக, அதாவது மென்பொருளில் ஏற்றுவதற்கான வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கோப்பில் போவது அந்தக் குறுக்கம்தான், கடைசி எண்கள் போனது போனதுதான். தட்டச்சு தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி எடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி.

இனிஷியல் கதை தனி. மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? மு. கந்தசாமி என்றால் 'மு.' முன்னால் வருகிறது, ஆகவே அதுதான் முதல் பெயர் என்று போட்டேன். எழுதும் வரிசைப்படி பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது? சோதனைக்குச் செயற்குழுவில் இருக்கும் 11 பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கடிதம் முதல் பெயரை எடுத்து வணக்கம் சொல்கிற மாதிரி அமைப்பு. தலைவருக்குப் போன கடிதம், 'அன்புள்ள எஸ். அவர்களுக்கு' என்று தொடங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மட்டும் என்னைப் பார்த்து, "வாங்க கே." என்றார். பெயரை முதல் கட்டத்திலும் இனிஷியலைக் கடைசிக் கட்டத்திலும் மாற்றிப் போட்டு, அமைப்புகளில் பெயர் காட்டும் முறையில் இனிஷியலை முன்னால் வரச் செய்தேன். அகரவரிசைக்கு என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் இனிஷியல் வரிசையில் நிற்கும். அப்படியும் 'மு. கந்தசாமி', 'எம். கந்தசாமி', 'கந்தசாமி மு' மூவரும் ஒரே ஆள் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். என் மனைவி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகைப் பட்டியல் எழுதிய கை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 38 இரட்டைகளைப் பிடித்துக் கொடுத்தாள்.

இனி அந்த ப்ரவுசிங் சென்டர். இழைத்து இழைத்து ஒரு வழியாக 1,162 வரிகள் கொண்ட கோப்பு தயார். ஏற்றும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். ஏற்கெனவே இருக்கிற ஆள் மறுபடி வந்தால் என்ன செய்ய? தவிர்க்கவா, புதுப்பிக்கவா, காலிக் கட்டத்தை மட்டும் நிரப்பவா, பார்க்காமலே சேர்க்கவா? புதுப்பிப்பது நல்லதுதானே என்று அதை அமுக்கினேன். ஒருவரை 'ஏற்கெனவே இருப்பவர்' என்று அது எதை வைத்து முடிவு செய்கிறது என்று நான் படிக்கவில்லை. தொடக்கத்திலேயே வைத்திருக்கிற விதி மின்னஞ்சல். மின்னஞ்சல் ஒன்றானால் ஆளும் ஒன்று.

ஏறி முடிந்ததும் எண்ணிக்கை 1,119. நாற்பத்து மூன்று பேரைக் காணோம். பிழைப் பட்டியலில் ஒருவரும் இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஆத்தூர் அம்மா ஒருவரின் பக்கத்தைத் திறந்தபோது, அவருடைய பெயருக்குக் கீழே யாரோ ஓர் ஆணின் பிறந்த தேதி. மின்னஞ்சலைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ப்ரவுசிங் சென்டரின் மின்னஞ்சல். நம் ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்த மின்னஞ்சல் கிடையாது. ஆயுள் சான்றிதழ் போட, படிவம் நிரப்பப் போகும்போது கடைக்காரர் தன்னுடையதையே போட்டுக் கொடுத்துவிடுவார். எங்கள் படிவத்திலும் அதையே எழுதிவிடுகிறார்கள். அப்படி 31 பேர். இன்னும் 14 பேர் ஒரு படி மேலே போய், சங்கத்தின் மின்னஞ்சலையே தங்களுடையது என்று எழுதியிருந்தார்கள். 31 பேர் ஒரு ஆளாகவும் 14 பேர் இன்னொரு ஆளாகவும் ஒருவர் மேல் ஒருவராக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக ஏறியவர் பெயர் மட்டும் மேலே தெரிகிறது. தப்பு மென்பொருளுடையது அல்ல, சொன்னதைத்தான் செய்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இந்த முறை, வெளியிலிருந்து கொண்டுவரும் அடையாள எண்ணுக்கென்று உள்ள 'எக்ஸ்டர்னல் ஐடென்டிஃபையர்' கட்டத்தில் பொருளாளர் நோட்டின் உறுப்பினர் எண்ணைப் பொருத்தினேன். ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்க அது விடாது. ஆளைக் கண்டுபிடிக்கவும் அதையே பார்க்கும். 1,162-க்கு 1,162. இரவு பதினொன்றரை மணிக்குப் பொருளாளருக்கு போன் போட்டுச் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. இருந்தாலும் ஆமாம் என்றேன்.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். முதல் தடவை ஏற்றி எண்ணிப் பார்த்த பிறகு டிடிபி கடைப் பட்டியலையும் அதன் மேலேயே ஏற்றியிருந்தேன். அதில் உறுப்பினர் எண் கிடையாது, மின்னஞ்சலும் கிடையாது. ஆகவே எல்லோரும் புது ஆளாக உள்ளே வந்துவிட்டார்கள். பொருளாளர் நோட்டில் 'காலமானார்' என்று குறித்து வைத்திருந்தவர்களும்தான். குழப்பம் தெரிவதற்கு முன்பே சந்தா நினைவூட்டல் கடிதம் ஒரு கட்டு போய்விட்டது. ஒரு காலையில் போன்.

"தம்பி, அவருக்கு சந்தா பாக்கின்னு கடுதாசி வந்திருக்கு."

"எந்த ஊருங்கம்மா? பேரு சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

பெயரைச் சொன்னார். எங்கள் பிரிவில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். "அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. நீங்கதான மாலை கொண்டு வந்தீங்க."

என்ன பேசினேன் என்று தெரியவில்லை. அன்று மாலையே ஓமலூருக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா காபி கொடுத்தார். கடிதத்தை நான்காக மடித்து டிவிக்கு அடியில் வைத்திருந்தார், அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இறந்தவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதும் தப்பு. அடுத்த முறை ஏதாவது பழைய கோப்பை ஏற்றினால் புது ஆளாக மறுபடி எழுந்து வருவார். மென்பொருளில் 'காலமானவர்' என்று ஒரு டிக் இருக்கிறது. தேதியோடு அதைப் போட்டுவிட்டால் அவருக்குக் கடிதம் போகாது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி உறுப்பினராகச் சேர்ந்தால் அவருக்குத் தனி எண், தனிப் பக்கம். கணவர் பெயரை அழித்து மனைவி பெயரை எழுதாதீர்கள், சந்தா வரலாறு முழுக்கக் குழம்பும். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் பேக்கப் எடுங்கள். இரண்டு பேரை இணைத்துவிட்டால் பிரிக்க ஒரு பொத்தானும் கிடையாது.

லேபிள் அச்சடிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேரடியாக எடுத்த பிடிஎஃப்பில் 'சேலம்' என்பதில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நின்றது. பிடிஎஃப் ஆக்கும் நிரல்கள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. ஆகவே தேடி எடுத்த பட்டியலை சிஎஸ்வி ஆக இறக்கி, லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் லேபிள் போட்டேன். பின்கோடு வரிசையில் அடுக்கினால் இரண்டு லாபம். முதல் மூன்று எண் ஒன்றாக இருப்பதை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கலாம், தபால் அலுவலகத்தில் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டாவது, தப்பான எண் தானாகவே கண்ணில் பட்டுவிடும். சேலம் 636, நாமக்கல் 637. அந்தக் கூட்டத்துக்குள் 673 தனியாக நின்றால் தெரியாமலா போகும்? மின்னஞ்சலைச் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து மொத்தமாகத் தட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதற்கு மேல் கதவைச் சாத்திவிடும்.

மே கடைசியில் பொதுக்குழு நோட்டீஸ் போனது. சத்தம் போட்ட அந்த உறுப்பினருக்குத்தான் முதல் உறை, நானே லேபிள் ஒட்டினேன். இதுவரை திரும்பி வந்தது 9. அதில் ஐந்து ஒரே தெரு. அந்தத் தெருவில் பழைய கதவு எண் 14 என்றால் புதிய எண் 31. சிலர் 14/31 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் 31/14, சிலர் வெறும் 14. புதிதாக வந்த தபால்காரர் இன்னொரு 14-இல் போய்க் கேட்டிருக்கிறார். பொருளாளரிடம் சொன்னேன். நோட்டைப் புரட்டி, "தெருவோட பேரே மாறி மூணு வருஷம் ஆச்சுங்களே" என்றார்.

நாளைக்குக் காலை அவரும் நானும் அந்தத் தெருவுக்கு நடந்தே போகிறோம்.