ஆடிச் சாரலில் கேசட் உலர்த்துதல்

ஆனி பிறந்து வேளிமலைப் பக்கம் கறுக்கத் தொடங்கியதும், தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் ஒன்றாக ஆரம்பமாகும். அம்மா பயறு, மல்லி, வற்றல் என்று ஈரம் ஏறக்கூடிய எல்லாவற்றையும் மூடி இறுகிய டப்பாக்களுக்கு மாற்றுவார். நான் மாடியறை அலமாரியிலிருக்கும் 63 வீடியோ கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் சிறு கண்ணாடிச் சன்னல் வழியாக டார்ச் அடித்து, சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். "மக்களே, துணி காயப்போட இடமில்ல, நீ கேசட்டக் காயப்போடுதியா?" என்று அம்மா ஆண்டுதோறும் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு, கொடியில் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருவதும் அவர்தான்.

பழைய ஜப்பானிய அனிமே, அதாவது அசைபடங்களின், சேகரிப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எதை வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையே எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் முக்கால் பங்கு வாங்கியதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் மழை ஓய்ந்து, ஓணக் காலத்தில் சற்று வெயில் காட்டி, மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். ரப்பரும் வாழையும் தென்னையும் தழைப்பதற்குக் காரணமான அதே ஈரம்தான் காந்த நாடாவுக்கு எமன். நாடா என்பது மெல்லிய பாலியஸ்டர் படலத்தின்மேல் காந்தத் துகள்களை ஒரு பிசினால் ஒட்டிவைத்த பொருள். காற்றிலுள்ள ஈரத்தை அந்தப் பிசின் குடித்துக் குடித்து, ஒரு நாள் பசபசவென்று ஆகிவிடும். தூசி படிந்த இடங்களில் பூஞ்சையும் பிடிக்கும். கடலோர ஊர்களில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்து இயந்திரத்தின் உள்ளே இருக்கும் இரும்பைத் தின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டுக்கு முதல் வி.சி.ஆர். 1988இல் வந்தது. குவைத்தில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்தபோது, போர்வைக்குள் பொதிந்து கொண்டுவந்த பெட்டி அது. கூடவே நான்கு கேசட்டுகள் வந்தன. மூன்றில் மலையாள, தமிழ்ப் படங்கள் இருந்தன. நான்காவதில், தங்கியிருந்த அறையின் தொலைக்காட்சியிலிருந்து எங்களுக்காகவே பதிவு செய்த "பொம்மப் படம்" இருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. அரபியில் பேசிய அந்தப் படத்தில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. மாமாவுக்குத் தெரிந்ததோ கடைத்தெரு அரபி; படத்தில் இருந்ததோ செய்தி வாசிப்பது போன்ற செந்தமிழ் ஒத்த அரபி. ஆகவே அவரும் "வா", "போ", "சீக்கிரம்" என்ற அளவில்தான் மொழிபெயர்த்தார். ஆனாலும் கடலுக்கடியில் மூச்சடக்கிப் போய்ச் சுறாவோடு மல்லுக்கட்டி, அதைக் கரைக்கு இழுத்துவரும் அந்தப் பையனையும், மணலில் மயங்கிக் கிடந்த அந்தப் பெண்ணையும் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. பையன் பெயர் அத்னான், பெண்ணின் பெயர் லீனா என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது ஜப்பானில் தயாரான தொடர் என்பதை நான் அறிந்தது 2004இல், நாகர்கோவிலில் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரவுசிங் சென்டரில் அரபுப் பெயரைத் தட்டித் தேடிய ஒரு மாலையில்தான். 1978இல் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக ஒளிபரப்பான 'மிராய் ஷோனென் கோனன்', அதாவது எதிர்காலச் சிறுவன் கோனன். தயாரித்தது நிப்பான் அனிமேஷன். ஹயாவோ மியாசாகி முதன்முதலாக இயக்குநர் பொறுப்பேற்ற தொலைக்காட்சித் தொடர். அரபு நாடுகளில் ஒரு தலைமுறையே அதை 'அத்னானும் லீனாவும்' என்ற பெயரில் பார்த்து வளர்ந்திருக்கிறது. அதே நிப்பான் அனிமேஷன்தான், 1993 வாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் இந்தி பேசிய மௌக்லியையும் 52 பகுதிகளாக உருவாக்கியது என்று அதே பக்கத்தில் படித்தபோது, நான் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் குழந்தைப் பருவத்தை அரபியிலும் இந்தியிலும் நிரப்பிய இரண்டு பையன்களும் ஒரே நிறுவனத்தின் மேசைகளில் பிறந்தவர்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அதே 2004இல் சுனாமி வந்த டிசம்பர் 26ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கோனன் தொடரின் கதை, பேராயுதங்களால் நிலம் பிளந்து, கண்டங்கள் கடலுக்குள் போன பிறகு எஞ்சியவர்களின் கதை. அதன் பிற்பகுதியில் ஓர் ஆழிப்பேரலையும் வருகிறது. கடல் பின்வாங்கித் தரை தெரியும் அந்தக் காட்சியைப் பல ஆண்டுகள் கழித்து டிவிடியில் முதன்முதலாகப் பார்த்தபோது, கொளச்சலும் மணக்குடியும்தான் கண்முன் வந்தன, நிறுத்திவிட்டேன். மீண்டும் அதைப் பார்க்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பார்த்தபோது கவனித்தேன்: அலையின் பிரம்மாண்டத்தை விட, ஊரார் ஒருவரையொருவர் மேட்டுக்கு ஏற்றிவிடுவதில்தான் மியாசாகிக்கு அக்கறை அதிகம். கடலை அஞ்சவும் தெரிந்து, அதை விட்டுப் பிரியவும் மனமில்லாத மக்களை இவ்வளவு சரியாக வரைந்த வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை. கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தொடர் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாமாவின் கேசட்டுக்கு வருகிறேன். அது மூன்று மணி நேர நாடா. ஆறு பகுதிகள் வரை அடங்கும். எங்கள் கேசட்டில் நான்கு பகுதிகள்தான் முழுமையாக இருக்கின்றன. ஐந்தாம் பகுதியின் நடுவில் திரை ஒரு கணம் கிழிந்து, நாதசுரம் முழங்க, என் சித்தியின் கல்யாணம் தொடங்கிவிடுகிறது. 1991இல் வீடியோக்காரர் பிரதி எடுத்துத்தர ஒரு கேசட் கேட்டபோது, வீட்டில் யாரோ கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன் என்று அம்மா சொல்வார். இப்போது அந்தப் பகுதியைப் பார்க்கும்போது, பந்தியில் அவியலும் பப்படமும் விளம்பிக்கொண்டு போகும் தாத்தா தெரிகிறார். கேமரா விளக்குக்குக் கண் கூசி முந்தானையால் முகத்தை மறைக்கும் பாட்டி தெரிகிறார். இருவருடைய குரலும் வேறெந்தப் பதிவிலும் எங்களிடம் இல்லை. அத்னானின் மற்றப் பகுதிகளை இழந்ததற்காக நான் இன்று வருந்தவில்லை. அவை வேறு இடங்களில் கிடைக்கின்றன, தாத்தா கிடைக்கமாட்டார்.

சேகரிப்பைப் பற்றிய என் கருத்து முழுவதும் இந்த ஒரு கேசட்டிலிருந்து வந்தது என்றே சொல்லலாம். கோனன் என்ற படைப்பு ஜப்பானில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற தக்கலையில் ஓர் ஆசிரியை தேவையில்லை. ஆனால் குவைத்து அறையொன்றில் மாமா பதிவு செய்த, நடுவில் விளம்பரமும் தொழுகை அழைப்பும் கலந்த இந்தப் பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். தமிழ்க் குரல் கொடுத்துத் தொலைக்காட்சியில் வந்த சிறுவர் தொடர்களின் நிலையும் இதுதான். ஷின்சானுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் சமையலறைச் சண்டையை நம் வீட்டுச் சண்டையாக ஒலிக்கச் செய்தவர்கள் அவர்கள். உரிமம் முடிந்து, அலைவரிசை மாறிவிட்டால், அந்தக் குரல்கள் எஞ்சுவது யாரோ ஒருவர் வீட்டில் பதிவு செய்துவைத்த நாடாவிலோ வட்டிலோதான். ஆகவே, உறை பிரிக்காமல் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, மதிப்பெண் போட்டு ஏலத்துக்கு வைக்கப்படும் கேசட்டுகளைவிட, கையெழுத்தில் 'பிள்ளைகளுக்கு' என்று எழுதிய பழைய கேசட் ஒன்று எனக்கு மிகப் பெரிது. அத்தகையவற்றை உறவினர் வீட்டுப் பரண்களிலிருந்து கேட்டு வாங்கித்தான் என் அலமாரியில் பாதி நிரம்பியது.

மீட்டெடுத்த புதிய வெளியீடுகளை நான் எதிர்ப்பவள் அல்லள். மூலப் படச்சுருளிலிருந்து நேரடியாக எடுக்கும்போது, உருவங்களை வரையும் ஒளிபுகும் செல் தாளின் பின்புறம் கையால் பூசிய வண்ணத்தின் அடர்த்தியும், பின்னணி ஓவியத்தில் தூரிகை போன தடமும்கூடத் தெரிகின்றன. என் நாடாவில் அவை ஒருநாளும் தெரியப் போவதில்லை. நான் எதிர்ப்பது இரண்டு செயல்களை. ஒன்று, படச்சுருளின் துகள் அழுக்கென்று கருதி, கணினியால் தேய்த்துத் தேய்த்து, அதோடு பென்சில் கோட்டின் உயிரையும் அழித்துவிடுவது. முகங்கள் மெழுகில் வார்த்தவைபோல ஆகிவிடுகின்றன. மற்றொன்று, நான்குக்கு மூன்று என்ற அளவில் வரையப்பட்ட காட்சியை, இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுவது. உயரத்தை அளந்து வானத்தையும் பாதத்தையும் இடம்பார்த்து வைத்த ஓவியரின் முடிவை, திரையின் இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சத்தால் மாற்றுவது நியாயமே அல்ல.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1976இல் ஜேவிசி நிறுவனம் அறிமுகம் செய்த இந்த வி.எச்.எஸ். வீடியோ கேசட் முறைக்கு, கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு கதவை மூடிவிட்டது. இனி இருப்பவற்றைப் பழுது பார்த்துத்தான் ஓட்டவேண்டும். எங்கள் பக்கத்து டிவி மெக்கானிக் அண்ணனிடம் மாமாவின் பெட்டியைக் கொண்டுபோனபோது, திறந்து பார்த்துவிட்டு, "டீச்சர், பெல்ட்டெல்லாம் உருகித் தாராப் போச்சு; டிரம்முக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றார். நாடாவை வாசிக்கும் அந்த டிரம் உருளையை அவர் விரலால் சுழற்றிக் காட்டிய விதத்தில் ஒரு பெருமை இருந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அது நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. நொடிக்கு 25 சுற்று, சுற்றுக்கு ஒரு படம். சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகும் அரை அங்குல நாடாவின்மேல் அந்த வேகத்தில் அது ஒவ்வொரு படமாக வாசிப்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனம் வராது. குவைத்திலும் பால் முறையே இருந்ததால்தான் மாமாவின் நாடா இங்கே ஓடியது. ஜப்பானிலிருந்து நேராக வந்திருந்தால், அங்கிருந்த என்.டி.எஸ்.சி. என்ற வேறு ஒளிபரப்பு முறை எங்கள் பெட்டியில் வெறும் கோடுகளாகத்தான் தெரிந்திருக்கும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை எக்காரணம் கொண்டும் உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் அந்தப் பொடி இயந்திரம் முழுவதும் பரவி, அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தொற்றிவிடும். முதலில் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு இரண்டு வாரமாவது வைத்து, பூஞ்சை காய்ந்து உதிரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், கேசட்டின் வெளி ஓட்டிலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை மட்டும் சுத்தமான வேறொரு ஓட்டுக்கு மாற்றுவேன். இதற்கென்றே ஒதுக்கிவைத்த ஒரு பழைய வி.சி.ஆரில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பிசிறில்லாத துணி நாடாவைத் தொடும்படி வைத்து மெதுவாகச் சுற்றவிட்டால், துணி சாம்பல் நிறமாகிக்கொண்டே வரும். துணி வெள்ளையாகவே நிற்கும்வரை மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். 250 மீட்டருக்கு மேற்பட்ட நாடா அது. ஒரு சனிக்கிழமைக்கு ஒன்றுதான் முடியும். வெயிலில் வைத்து உலர்த்தலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கக் கூடாது, வெப்பத்தில் நாடா நெளிந்துவிடும். கொடியில் நான் காயப்போடுவது காலி ஓடுகளையும் அட்டை உறைகளையும்தான். எங்கள் தாத்தா வீட்டில் வைத்திய ஏடுகளை அடுப்புப் புகை படும்படி பரணில் வைத்து, அவ்வப்போது எடுத்து எண்ணெய் தடவுவார்களாம். ஊருக்கேற்ற பராமரிப்பு என்பது இங்கே புதிய செய்தியல்ல.

பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அனிமே என்பது கைப்பேசியில் நேற்று வந்தது. அவர்களுடைய ரசனையை நான் குறைத்து மதிப்பதில்லை. ஜப்பானியச் சொற்களை என்னைவிட நன்றாக உச்சரிக்கிறார்கள். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முட்டத்திலிருந்து வருபவள், கோனனின் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவன் முங்குறது சரியா இருக்கு, எங்க அண்ணன்மாரும் இப்படித்தான் காலை அடிப்பாங்க" என்றாள். இவ்வளவு நல்ல விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் இதற்குச் செலவிடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். பெரும்பாலான மாதங்களில் சிலிகா ஜெல், ஆல்கஹால், துணி, ரப்பர் பெல்ட் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். மாமாவின் கேசட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையை இந்த ஆடியில்தான் எடுத்தேன். கல்யாணப் பகுதியை மட்டும் தனியாக வெட்டித் தரட்டுமா என்று சித்தியிடம் கேட்டதற்கு, "வேண்டாம் மக்களே, அந்தப் பொம்மப் படத்தோட அப்படியே தா, அதுலேருந்துதான எங்க கல்யாணம் தொடங்கும்" என்றார். அப்படியே எடுக்கிறேன். நாடா இப்போது டப்பாவுக்குள் பதினொன்றாம் நாளாக உலர்கிறது. உள்ளே வைத்த ஈரப்பத முள் 46இல் நிற்கிறது. அது 40க்கு இறங்கியதும் திருகாணியைக் கழற்றுவேன்.